தரவு எங்கே என்று கேட்கும் இயந்திரம்

லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜாக் லாரன்ஸிடம், 2021ஆம் ஆண்டில், ஓர் ஆய்வுக் கட்டுரையை அலசி வரும்படி ஆசிரியர் சொன்னார். வகுப்புக்கான பயிற்சிதான். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக் கொல்லி மருந்து கோவிட் நோயாளிகளின் இறப்பை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கிறது என்று சொன்ன கட்டுரை அது. ஆய்வு எகிப்தில் நடந்தது. கட்டுரை 2020 நவம்பரில் ரிசர்ச் ஸ்கொயர் என்ற இணையதளத்தில் ஏறியது. அதற்குள் பல நாடுகளில் மருத்துவர்கள் அதை நம்பி மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

லாரன்ஸுக்கு முதலில் உறுத்தியது முன்னுரைதான். பத்தி பத்தியாக வேறு இடங்களிலிருந்து எடுத்து, அங்கங்கே சொல்லை மட்டும் மாற்றியது போலிருந்தது. அடுத்து, நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய மூலத் தரவைத் தேடினார். ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் அது இருந்தது, ஆனால் கடவுச்சொல் கேட்டது. 1234 என்று அடித்துப் பார்த்தார். திறந்துகொண்டது.

உள்ளே இருந்த அட்டவணைக்கும் கட்டுரைக்கும் ஒத்துவரவில்லை. ஆய்வு 2020 ஜூன் 8 அன்று தொடங்கியதாகக் கட்டுரை சொன்னது; அந்தத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டவர்கள் அட்டவணையில் இருந்தார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே சேர்த்ததாகச் சொன்னது; அதற்குக் குறைந்த வயதினரும் இருந்தார்கள். நிக் பிரவுன் என்ற தரவு ஆய்வாளர் அதே கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது 79 நோயாளிகளின் விவரங்கள் வேறு நோயாளிகளின் விவரங்களுடைய நகல்களாகவே தெரிந்தன. 2021 ஜூலையில் ரிசர்ச் ஸ்கொயர் அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. அதற்குள் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வுகளிலும் அது இடம்பிடித்திருந்தது. அதை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டபோது, அப்படிப்பட்ட ஒரு முக்கியத் தொகுப்பாய்வில் ஐவர்மெக்டின் உயிர் காக்கிறது என்ற முடிவே நிற்கவில்லை.

மூலத் தரவு எங்காவது ஓரிடத்தில் இருந்ததால்தான் இவ்வளவும் வெளியே வந்தது. “கேட்டால் தருவோம்” என்ற ஒரு வரியோடு கட்டுரை முடிந்திருந்தால், லாரன்ஸின் சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

இப்படி இதழில் வெளிவருவதற்கு முன்பே ஆய்வாளர்கள் நேரடியாக இணையத்தில் ஏற்றும் கட்டுரைதான் முன்பதிப்பு. ஆங்கிலத்தில் ப்ரீபிரிண்ட். வழக்கமாக ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால், அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள். அச்சேறப் பல மாதங்கள் ஆகும். முன்பதிப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இயற்பியலாளர்களுக்கு இது பழகிய வழி. 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியதுதான் பிற்பாடு ஆர்க்கைவ் ஆயிற்று. அதன் இந்திய நகல் தளத்தைச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் நடத்தியது. இணைப்பின் வேகம் குறைவாக இருந்த நாட்களில் இங்குள்ள ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தத் தலைமுறையினர் அறிவார்கள். உயிரியலுக்கு 2013இல் பயோஆர்க்கைவும், மருத்துவத்துக்கு 2019இல் மெட்ஆர்க்கைவும் வந்தன. மெட்ஆர்க்கைவ் வந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள் கொரோனா வந்துவிட்டது.

பிறகு வந்தது வெள்ளம். முதல் நோயாளி உறுதியான பத்து மாதத்துக்குள் கோவிட் பற்றி 1,25,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. அவற்றில் 30,000க்கும் மேல் முன்பதிப்புகள். முன்பதிப்புத் தளங்கள் எதையும் பார்க்காமல் ஏற்றுவதில்லை. திருட்டு இருக்கிறதா, இது ஆய்வுக் கட்டுரைதானா, பொதுமக்களுக்குத் தீங்கு செய்யுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் ஆய்வு சரியாக நடந்ததா என்று பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் ஏற்றிய முன்பதிப்பு ஒன்று, புதிய கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தில் எச்.ஐ.வி.யோடு ஒத்துப்போகும் துண்டுகள் இருப்பதாகச் சொன்னது. வைரஸை யாரோ உருவாக்கிவிட்டார்கள் என்ற வதந்திக்கு அது தீனியாயிற்று. அந்தச் சிறு துண்டுகள் வேறு எத்தனையோ உயிரிகளிலும் இருப்பவை என்று உலகெங்கும் உயிரியலாளர்கள் சில மணி நேரத்தில் காட்டினார்கள். இரண்டே நாளில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதன் மீது அத்தனை பேரின் கண் பட்டது, பிழை பிடிபட்டது. மீதி முப்பதாயிரத்தை யார் படிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சில ஆய்வாளர்கள் 2020இல் ஒன்றுசேர்ந்தார்கள். பெர்லினில் இருந்த டிரேசி வைஸ்கெர்பர், கலிஃபோர்னியாவில் இருந்த அனிதா பந்த்ரோவ்ஸ்கி உள்ளிட்ட பலர் தனித்தனியே உருவாக்கி வைத்திருந்த மென்பொருள்களை ஒரே வரிசையில் கோத்தார்கள். பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் தளங்களில் ஏறும் ஒவ்வொரு கோவிட் கட்டுரையையும் அந்த வரிசை படித்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. கட்டுரையின் முடிவு சரியா தவறா என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. இன்னொருவர் இந்த ஆய்வைச் சரிபார்க்கவோ திரும்பச் செய்யவோ வேண்டுமானால் என்னென்ன தெரிய வேண்டுமோ அதெல்லாம் கட்டுரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.

சைஸ்கோர் என்ற மென்பொருள் செய்முறைப் பகுதியைப் படிக்கும். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது குலுக்கல் முறையிலா? யாருக்கு எந்த மருந்து என்று அளவெடுப்பவருக்குத் தெரியாமல் மறைத்தார்களா? எத்தனை பேர் தேவை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார்களா? ஆண், பெண் இருபாலரையும் கருத்தில் கொண்டார்களா? பயன்படுத்திய ஆன்டிபாடி எது, செல் வரிசை எது? கடைசிக் கேள்வி சில்லறை விஷயமாகத் தோன்றும். எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற செல் வரிசையின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது. மார்பகப் புற்றுநோய் செல்கள் என்று நம்பிப் பல்லாண்டுகளாக எத்தனையோ ஆய்வகங்களில் அதை வளர்த்தார்கள். மரபணுச் சோதனை செய்தபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து வந்த எம்14 செல்வரிசை என்று தெரிந்தது. இப்படிப் பெயர் மாறிய செல் வரிசைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. மனிதர் எவரும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு கட்டுரை படிப்பதில்லை. மென்பொருளுக்கு அது நொடி வேலை.

சிட்னியில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் ஜெனிஃபர் பைர்ன் இதே போன்ற வேறொரு சிக்கலில் இடறினார். தமக்கு நெருக்கமாகத் தெரிந்த டி.பி.டி.52.எல்.2 என்ற மரபணுவைப் பற்றி ஒன்றுபோலவே இருக்கும் சில கட்டுரைகள் அவர் கண்ணில் பட்டன. இந்த மரபணுவைத் தாக்கும் வரிசை என்று அவற்றில் கொடுத்திருந்த ஏ, டி, ஜி, சி எழுத்துகளைப் பொருத்திப் பார்த்தால், அவை சொன்ன இடத்தில் பொருந்தவில்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த கணினி அறிஞர் சிரில் லபேயுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சீக் அண்ட் பிளாஸ்ட்என் என்ற மென்பொருள், கட்டுரையில் உள்ள மரபணு எழுத்து வரிசைகளைத் தானே பிரித்தெடுத்து, மரபணுத் தரவுத்தளத்தில் தேடி, ஆசிரியர்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா என்று சொல்லும்.

வரிசையில் இருந்த இன்னொன்று பார்ஸூகா. அது படத்தைப் பார்க்கும். நான்கு பேரின் அளவுகள் 5, 5, 5, 5. இன்னொரு குழுவில் 1, 1, 9, 9. இரண்டுக்கும் சராசரி 5. பட்டை வரைபடமாகப் போட்டால் இரண்டு பட்டையும் ஒரே உயரம். பார்ப்பவர் இரு குழுவும் ஒன்று என்றே நினைப்பார். ஒவ்வொரு அளவையும் புள்ளியாக வைத்தால்தான் இரண்டாவது குழு இரண்டாக உடைந்து கிடப்பது தெரியும். வைஸ்கெர்பர் 2015இலேயே 703 உடலியங்கியல் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் சுமார் 85 சதவீதத்தில் ஒரு பட்டை வரைபடமாவது இருந்தது. பார்ஸூகா இத்தகைய படங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஜெட்ஃபைட்டர் என்பது வானவில் நிறங்களில் தீட்டிய வரைபடங்களைத் தேடும். அந்த நிறவரிசையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் தவித்துப்போவார்கள். நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரிவதால், தரவில் இல்லாத எல்லைக்கோடு இருப்பதுபோல் ஒரு மயக்கம் வரும். மேட்பிளாட்லிப் போன்ற வரைபட மென்பொருள்கள் வானவில்லை இயல்பு நிலையிலிருந்து நீக்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, கைப்பழக்கம்தான் போகவில்லை.

தரவையும் நிரலையும் பொதுவில் வைத்தார்களா என்று பார்க்க ஆட்பப், தங்கள் ஆய்வின் குறைகளை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்களா என்று பார்க்க இன்னொன்று, மருத்துவச் சோதனையின் பதிவு எண் சரியா என்று பார்க்க வேறொன்று, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க மற்றொன்று. கடைசியாகச் சொன்னது மிகவும் தேவையானது. சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் தரவை நம்பி லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆகிய இரண்டு பெரிய இதழ்கள் வெளியிட்ட கோவிட் கட்டுரைகள் 2020 ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டன. மூலத் தரவைச் சரிபார்க்க அந்த நிறுவனம் யாரையும் அனுமதிக்கவில்லை. பின்னர் சயின்ஸ் இதழ் அவற்றை மேற்கோள் காட்டிய 200 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. பாதிக்கு மேல், அவை திரும்பப் பெறப்பட்டவை என்ற குறிப்பே இல்லாமல் மேற்கோள் காட்டியிருந்தன. இவை முன்பதிப்புகள் அல்ல, சக ஆய்வாளர்கள் படித்து மதிப்பிட்ட பிறகு வந்தவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இதழில் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு கட்டுரை சோதனையைக் கடந்துவிட்டதாக ஆகாது.

வைஸ்கெர்பர் குழு நேச்சர் மெடிசின் இதழில் எழுதிய குறிப்பில், 6,570 கோவிட் முன்பதிப்புகளின் முடிவுகளைக் கொடுத்தது. தரவைப் பொதுவில் வைத்தவை சுமார் 14 சதவீதம். நிரலை வைத்தவையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஏதேனும் ஒரு குறையையாவது ஒப்புக்கொண்டவை மூன்றில் ஒரு பங்கு. கொள்ளை நோய்க்கு நடுவே அவசரமாக எழுதியவைதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில்தான் ஒரு கட்டுரையை வைத்து மறுநாளே மருந்துச் சீட்டு எழுதினார்கள். அவசரம் இருந்ததாலேயே தரவையும் நிரலையும் திறந்து வைப்பது கூடுதலாகத் தேவைப்பட்டது.

இயந்திரத்தின் வரம்பையும் அதே அளவு தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தி ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும் போலீஸ்காரரால், ஓட்டுபவர் அடுத்த திருப்பத்தில் ஒழுங்காகத் திருப்புவாரா என்று சொல்ல முடியாது. குலுக்கல் முறையில் பிரித்தோம் என்று எழுதியிருந்தால் மென்பொருள் சரி என்று குறித்துக்கொள்ளும். உண்மையிலேயே குலுக்கினார்களா என்று அதற்குத் தெரியாது. நோய் பரவலைக் கணினியில் கணக்கிடும் கட்டுரையில் ஆன்டிபாடியும் இல்லை, குலுக்கலும் இல்லை. அங்கே அந்தக் கேள்விகளே பொருந்தாது. சில வேளை எழுதியிருப்பதையும் தவறவிடும். பொய்த் தரவை ஒருவர் ஒழுங்காக ஏற்றி, எல்லாப் பெட்டியிலும் டிக் வாங்கிவிடவும் முடியும்.

டிக் வாங்குவதற்கென்றே எழுதும் வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. “நியாயமான கோரிக்கையின் பேரில் தரவு வழங்கப்படும்” என்பது அவற்றில் முதன்மையானது. இப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு லிவியா புல்யாக்கின் குழு கடிதம் எழுதித் தரவைக் கேட்டது. கொடுத்தவர்கள் 6.8 சதவீதம். மற்றவர்கள் பதில் போடவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு மென்பொருள் இந்த வரியைப் பார்த்துத் தரவு உண்டு என்று குறித்தால், அதுவே இன்னொரு பொய்யைப் பரப்பும். ஆட்பப் இந்த வரியை ஏற்பதில்லை; தரவு பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறதா, அதற்கு எண்ணோ சுட்டியோ இருக்கிறதா என்றுதான் தேடும். கருவியை வடிவமைப்பவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு.

சில கேள்விகளுக்குத் தரவுகூட வேண்டாம். இருபது பேரிடம் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்கிறோம்; எல்லோரும் முழு எண்தான் போட முடியும். சராசரி 3.47 என்று கட்டுரை சொல்கிறது. மொத்தம் 69 என்றால் சராசரி 3.45, 70 என்றால் 3.50. நடுவில் எதுவும் இல்லை. 3.47 வரவே வராது. பள்ளிக்கூடக் கணக்குதான் என்றாலும், இதைக் கொண்டே நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் கிரிம் என்ற சோதனையை உருவாக்கி, உளவியல் கட்டுரைகளில் நடக்க முடியாத சராசரிகளை ஏராளமாகக் கண்டெடுத்தார்கள். எல்லாமே மோசடி அல்ல. பெரும்பாலும் தட்டச்சுப் பிழை, ஆள் எண்ணிக்கையில் குழப்பம் போன்றவை. ஆனால் யாரோ ஒருவர் கேட்டால்தான் எது என்று தெரியும்.

கேட்கும் விதத்தில்தான் சிக்கல். நெதர்லாந்தின் மிஷேல் நாய்டனும் கூட்டாளிகளும் உருவாக்கிய ஸ்டாட்செக், உளவியல் கட்டுரைகளில் உள்ள புள்ளியியல் எண்களைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கும். எட்டு இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளில் பாதியில் ஓர் எண்ணாவது ஒத்துவரவில்லை. எட்டில் ஒரு கட்டுரையில் அந்தப் பிழை முடிவையே மாற்றும் அளவு பெரியது. 2016இல் ஓர் இளம் ஆய்வாளர் இதை 50,000 கட்டுரைகள் மீது ஓட்டி, ஒவ்வொன்றின் முடிவையும் எல்லோரும் பார்க்கும் தளத்தில் தானாகவே பதியச் செய்தார். ஆசிரியர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. ஒரு காலை எழுந்தபோது தங்கள் கட்டுரைக்கு மேல் ஒரு குறிப்பு தொங்குவதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. ஜெர்மன் உளவியல் சங்கம் எதிர்ப்பு தெரிவித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பிழையே இல்லாத கட்டுரைக்கும் குறிப்பு போயிற்று. வெளிவந்து ஆண்டுகள் பல ஆன கட்டுரையை ஆசிரியர் நினைத்தாலும் எளிதில் திருத்த முடியாது.

முன்பதிப்பின் சிறப்பு இங்கேதான் வருகிறது. அது இன்னும் இறுகிவிடவில்லை. முதல் பதிப்பில் தரவுச் சுட்டி இல்லையென்றால் இரண்டாம் பதிப்பில் சேர்க்கலாம். பட்டை வரைபடத்தைப் புள்ளிகளாக மாற்றலாம். செல் வரிசைக்கு அடையாள எண் போடலாம். பழைய பதிப்பும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எது மாறியது என்று யாரும் பார்க்கலாம். கட்டுரையை ஏற்றும் பொத்தானை அழுத்தும் நேரத்திலேயே அறிக்கை ஆசிரியரின் கைக்குப் போய், திருத்த ஒரு வாய்ப்பும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கு இவற்றைச் சொல்லித்தர வழிகாட்டிக்கு நேரம் இருப்பதில்லை. அவர்களுக்கு இந்த அறிக்கை தண்டனையாகத் தெரியாது.

இது வெறும் ஆசை அல்ல. ஸ்டாட்செக்கைச் சைக்கலாஜிகல் சயின்ஸ் உள்ளிட்ட சில இதழ்கள் பிறகு தங்கள் மதிப்பீட்டு முறையிலேயே சேர்த்துக்கொண்டன. கட்டுரை வெளிவருவதற்கு முன்பே அதை ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு அது. நாய்டனும் யெல்டே விச்செர்ட்ஸும் அந்த இதழ்களைக் கருவியைப் பயன்படுத்தாத இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கருவி வந்த பின் எண் பிழைகள் செங்குத்தாகக் குறைந்திருந்தன; மற்ற இதழ்களில் அந்த அளவு குறையவில்லை. வெளியிட்ட பிறகு பொதுவில் சுட்டிக்காட்டியபோது சண்டை மூட்டிய அதே மென்பொருள், வெளியிடும் முன் ஆசிரியரிடம் காட்டியபோது பிழைகளைக் குறைத்தது. தரவைத் திறந்து வைப்பதற்கும், குலுக்கலை விளக்குவதற்கும், செல் வரிசைக்கு எண் தருவதற்கும் இதே வழி பலிக்குமா என்பதை முன்பதிப்புத் தளங்கள் தங்கள் ஏற்றும் பக்கத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் தயாராக இருக்கின்றன.